அங்கால ஆக்கள் நிக்கிறாங்க

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையில், மண்டூருக்கு நேரெதிரே இருக்கிறது. மண்டூருக்குப் பாதையில்தான் போகவேண்டும். வெளியூரார் பாதை என்றால் தெருவை நினைப்பார்கள். எங்களுக்குப் பாதை என்பது மிதவைகளின் மேல் பலகை அடித்து, ஆட்கள் கயிற்றைப் பிடித்துக் கரைக்குக் கரை இழுக்கிற ஒரு பெரிய தட்டு. பஸ், மாட்டுவண்டி, நெல்மூட்டை, கல்யாணக் கூட்டம், பிரேதம் எல்லாம் அதில் ஏறித்தான் கரை மாறும். என் புருசன் கதிர்காமத்தம்பி முப்பத்தோரு வருசம் அந்தப் பாதையில் வேலை செய்தார். இந்தக் கரையில் ஏற்றுவது, அந்தக் கரையில் இறக்குவது, கிறுகித் திரும்பி வருவது. அதுதான் வேலை.

அதனால் அவருக்கு எந்தக் கரையிலும் கால் தரிக்காது. போய்ச் சேர்ந்த உடனேயே திரும்பிப் பார்ப்பார். "அங்கால ஆக்கள் நிக்கிறாங்க" என்பார். அங்கால என்றால் மறுகரை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது. இவரும் மண்டூரிலிருந்து பாதை ஏறித்தான் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தார். தாலி கட்டி முடித்து, ஒரே கலத்தில் எங்கள் இருவருக்கும் சோறு போட்டிருக்கிறது. அந்த நேரம் மறுகரையில் யாரோ பாதைக்குக் கூப்பிட்டுக் கூக்குரல் வைத்தான். வாயில் வைத்த சோற்றோடு இவர் தலையைத் தூக்கினார்.

"மாப்பிள, இண்டைக்கு வேற ஆள் இழுக்கிறான். நீங்க சாப்பிடுங்க" என்றார் என் அம்மா.

கல்யாண வீடு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு எங்கள் குடும்பத்தில் நாற்பது வருசம் ஓடியது. அதுதான் எங்களை ஏமாற்றியதும்.

நானும் வீட்டில் இருக்கவில்லை. பிள்ளைகள் புஸ்பமும் நல்லரத்தினமும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அவர்களை அம்மாவிடம் விட்டுவிட்டு, மட்டக்களப்புப் பட்டணத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பொறுப்பாக இருந்த தலைமைத் தாதி நோறா மிஸி. பறங்கிப் பெண், மெலிந்த ஆள், பெரிய குரல். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் கண்டால் உரித்து நிலத்தில் போட்டுவிட்டு மறுபடி விரிக்கச் சொல்வார். "அன்னப்பூரணி, இண்டைக்குச் சுருக்கம், நாளைக்குப் புண், அதுக்கு அடுத்த கிழமை சவப்பெட்டி" என்பார். அவரிடம் இருபத்திரண்டு வருசம் வேலை பழகினேன். திங்கள் காலை போனால் சனி பின்னேரம்தான் வீடு. ஞாயிறு ஒரு நாள் மட்டும் நானும் இவரும் ஒரு கூரைக்குக் கீழே.

மறதி நோய்க்காரரைக் கண்டுபிடிக்க மிஸி மூன்று கேள்வி வைத்திருந்தார். காலையில் என்ன சாப்பிட்டாய், இன்றைக்கு என்ன கிழமை, உன்னை இங்கே கூட்டிவந்தது யார். "முதல் ரெண்டையும் நானே பிழை விடுவன். மூண்டாவதைப் பிழை விட்டால்தான் நோய்" என்பார். இன்னொரு சட்டமும் இருந்தது. அப்படிப்பட்டவரோடு வழக்காடக்கூடாது. அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே நீ போய் நிற்க வேண்டும். இந்தக் கேள்விகளை நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். வீட்டில் இருந்த ஆளிடம் கேட்கத் தோன்றவில்லை.

தொண்ணூறில் இல்லத்து வேலையை விட்டு வந்தேன். இவர் அதற்கு முன்பே ஓய்வூதியக்காரர். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை, புலிகள் இயக்கத்தின் கையில். இந்தப் பக்கம் ஆமி. பாதை சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. புஸ்பம் கலியாணம் முடித்துக் கொழும்பில் இருந்தாள். நல்லரத்தினம் சுவிசுக்குப் போய்விட்டான், திரும்பி வர முடியாத முறையில். பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள்தான் பைகளைத் தூக்க வேண்டும். தூக்கினோம்.

அந்தக் காலத்துக் கொழும்புப் பயணம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். செங்கலடி தாண்டி, ஓட்டமாவடி தாண்டி, பொலநறுவைக்குப் போகுமுன் எத்தனை இடத்தில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்குவார்கள். பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்து, அந்தப் பக்கத்தில் மறுபடி ஏற வேண்டும். எல்லாரும் சினந்துகொண்டு நடப்பார்கள். இவர் மட்டும் உற்சாகமாக நடப்பார். இறக்கி ஏற்றுவது அவருக்குத் தொழில். "பொம்புளப் புள்ளயள் முன்னுக்கு, மூட்டைக்காரர் பின்னுக்கு" என்று வரிசையும் பிடித்துக் கொடுப்பார்.

முதல்முறை புஸ்பத்தின் வீட்டில் பத்து நாள் இருந்தார். அடுத்த முறை ஆறு நாள். அதற்கடுத்த முறை மூன்றாம் நாள் காலையிலேயே பையைக் கட்டிவைத்துக் கதவடியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பாவுக்கு அங்கால ஆக்கள் நிக்கிறாங்க" என்று புஸ்பம் சிரித்தாள். பேரப்பிள்ளைகளும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்து, ஆறு, மூன்று. ஒரு நோயாளியின் காய்ச்சல் இப்படி மாறியிருந்தால் கட்டில் தலைமாட்டு அட்டையில் குறித்து, கீழே கோடும் இழுத்திருப்பேன்.

தொண்ணூற்றேழில் கொழும்பிலிருந்து திரும்பி வரும்போது ஓட்டமாவடியில் தேத்தண்ணிக்குப் பஸ் நின்றது. நான் முகம் கழுவிவிட்டு வர, ஆளைக் காணவில்லை. தெருவின் மறுபக்கத்துக் கடையிலிருந்து ஒரு கை அசைந்தது. முகைதீன்பாவா. ஒரு காலத்தில் மண்டூரில் நெல் வாங்கிப் பாதையில் ஏற்றிக்கொண்டு போன வியாபாரி. இவரோடு மச்சான் முறை கொண்டாடுகிறவர்.

"மச்சாள், உங்கட கப்பல் கப்டன் இஞ்ச இருக்கார். பயப்படாதீங்க."

இவர் கடைவாசலில் நின்று சைக்கிள்களை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"பாவா, உன்ட மூட்டை எத்தின?" என்று கேட்டார்.

"என்ன மூட்டை மச்சான்? வியாபாரத்த மகன்ட கையில குடுத்து ஏழு வருசம். நான் இப்ப தேத்தண்ணி குடிக்கிற வியாபாரம்."

"மூட்டையச் சொல்லு. கூடிச்செண்டால் பாதை தாழும்."

முகைதீன்பாவா என் முகத்தைப் பார்த்தார். "அது அவர்ட பகிடி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தன் தேத்தண்ணியை இவர் கையில் கொடுத்து, "பதினாறு மூட்டை மச்சான், குடிச்சுப்போட்டு ஏத்துவம்" என்றார். நோறா மிஸியிடம் ஒரு நாளும் படிக்காத மனிதர், மிஸியின் சட்டப்படி நடந்தார். படித்த நான் பஸ் போய்விடும் என்று இவரைக் கையில் பிடித்து இழுத்தேன்.

அடுத்த தைமாதம் சுவிசுக்குப் போனோம். மூன்று மாத விசா. நல்லரத்தினம் பாசல் என்ற நகரத்தில், மூன்றாம் மாடியில் இருந்தான். அவனுக்கு ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். மருமகளுக்கு ஒரு சலவைக் கூடத்தில் வேலை. காலையில் இருவரும் போய்விடுவார்கள். நாங்கள் இருவரும் கண்ணாடிக்குள்ளால் பனியைப் பார்த்துக்கொண்டிருப்போம். பனியை ஒரு நாள் பார்க்கலாம், இரண்டு நாள் பார்க்கலாம். இவர் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். நான் எண்ணிப் பார்த்தேன், ஒரு முற்பகலில் நூற்று நாற்பது தடவை. எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஏற்கனவே சுத்தமான அலுமாரியைத் துடைத்தேன்.

ஒன்பதாம் நாள் நான் குளித்துவிட்டு வரக் கதவு திறந்திருந்தது. அவருடைய சப்பாத்து இருந்தது. செருப்பும் இருந்தது. ஆள் இல்லை.

கீழே இறங்கினேன். பாசை தெரியாத ஊரில் யாரைக் கேட்பது? இவர் தண்ணீர் இருக்கிற பக்கம்தான் போவார் என்று தெருவின் சரிவைப் பார்த்து நடந்தேன். சரிவு ஒரு பெரிய ஆற்றில் கொண்டுபோய் விட்டது. றைன் ஆறு. ஆற்றுக்குக் குறுக்கே உயரத்தில் ஒரு கம்பி, கம்பியிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் முனையில் கூரை போட்ட ஒரு தோணி. இயந்திரம் இல்லை, இழுக்க ஆளும் இல்லை. ஆற்றின் ஓட்டமே தோணியைக் கரைக்குக் கரை தள்ளுகிறது. தோணியின் பின்பக்கத்தில், தாடிக்காரத் தோணிக்காரனுக்குப் பக்கத்தில், என் புருசன் இருந்தார். காலில் யாருடையதோ கம்பளிக் காலுறை.

தோணிக்காரன் என்னைப் பார்த்து இரண்டு கை விரல்களையும் விரித்து, மறுபடி ஒரு விரலைக் காட்டினான். பதினொரு முறை போய் வந்திருக்கிறார்.

"காலப் பாத்து வச்சு ஏறு. நடுவில இரு" என்றார் இவர் என்னிடம்.

ஏறினேன். தோணி கரையை விட்டது. அப்போதுதான் கேட்டேன்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"பழஞ்சோறு." பாணும் வெண்ணெயும் நான்தான் கொடுத்தேன்.

"இண்டைக்கு என்ன கிழமை?"

"சனி. என்ட மனிசி பட்டணத்தில இருந்து வாற நாள்." அன்று புதன்.

"உங்கள இஞ்ச கூட்டி வந்தது ஆர்?"

தண்ணீரைப் பார்த்து யோசித்தார். "ஒரு தம்பி. நல்ல புள்ள. நேரத்துக்குச் சோறு தாறான். ஆர் பெத்த புள்ளயோ."

தோணி அந்தக் கரையைத் தொட்டது. அவர் எழுந்து ஆட்களை இறக்கினார். நான் அவருடைய காலுறையைக் கழற்றி விரல்களைப் பார்த்தேன். நீலம் பாரித்திருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் கையால் தேய்த்துக்கொண்டு வந்தேன். எனக்குப் பழைய சனிக்கிழமைகள் எல்லாம் ஒழுங்காக ஞாபகம் வந்தன. நோய் எப்போது தொடங்கியது என்று கணக்கிட்டேன். ஐந்து வருசம் இருக்கும். ஐந்து வருசமும் நாங்கள் சிரித்திருக்கிறோம்.

வைத்தியர் பார்த்தார், படம் பிடித்தார், இது கூடிக்கொண்டுதான் போகும் என்று ஒரு கடிதம் எழுதித் தந்தார். நல்லரத்தினம் கதவின் மேற்புறத்தில் இரண்டாவது பூட்டுப் போட்டான். பூட்டுப் போட்ட மூன்றாம் நாள் இவர் கதவில் தலையை மோதினார். ஐந்தாம் நாள் சாப்பாட்டைத் தள்ளினார். அன்று பின்னேரம் குசினி மேசையில் மகனும் நானும் பேசினோம்.

"அம்மா, நீங்க ரெண்டு பேரும் இஞ்சயே இருங்க. அகதியாப் பதிவம். டாக்குத்தர் இருக்கு, மருந்து இருக்கு. அங்க என்ன இருக்கு? அப்பா ஆமிச் சென்றியில நிக்காம நடந்தால் சுட்டுப்போடுவானுகள்."

"ஓம் மனே."

"ஓம் எண்டால்?"

"சுடுவானுகள் எண்டது உண்மை. இஞ்ச பூட்டி வச்சால் ஆறு மாசம். அதுவும் உண்மை. நான் பாத்தனான். முதல்ல கதவில அடிப்பாங்க. மறுகா சாப்பிடமாட்டாங்க. மறுகா எழும்பமாட்டாங்க. மறுகா முதுகு அழுகும்."

"அப்ப அங்க கொண்டுபோய்ச் சாகக் குடுக்கப்போறீங்களா?"

"எல்லாரும் சாகத்தான் வேணும். உங்க அப்பா பூட்டாலயும் சாகக்கூடா, வெடியாலயும் சாகக்கூடா. நோயில, கட்டில்ல சாகவேணும். அதுக்கு நான் பொறுப்பு."

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பல்ல. "நோய் எண்டு எழுதின மரணச் சான்று நம்மட ஊரில கண்டு எத்தின வருசம் அம்மா?"

 அன்றிலிருந்து அதுதான் என் வேலை.

விசா முடிய ஒரு மாதம் இருக்கத்தக்கதாகக் கொழும்புக்கு வந்தோம். புஸ்பம் எங்களைத் தன்னோடு இருக்கச் சொன்னாள். இருந்து பார்த்தோம். நான்காம் நாள் அவள் மீன்காரனுக்குக் கதவைத் திறந்த இரண்டு நிமிடத்தில் இவர் வெளியே போய்விட்டார். சந்திச் சோதனையில் எங்கே இருந்து வருகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். "அங்கால இருந்து" என்றிருக்கிறார். எங்கே போகிறாய்? "அங்கால." போதாதா? கொண்டுபோய்விட்டார்கள்.

நானும் புஸ்பமும் பொலிஸ் நிலையத்துக்குப் போய் ஐந்து மணித்தியாலம் நின்றோம். நான் சுவிஸ் வைத்தியரின் கடிதத்தை நீட்டினேன். பொறுப்பதிகாரி முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். கடிதம் ஜெர்மன் மொழியில். அந்தக் கட்டடத்தில் அதை வாசிக்க ஒருவரும் இல்லை. நான் கவனிக்காதது என் பிழை.

"இது என்ன பாசை? கிழவன் வெளிநாட்டில யாரைச் சந்திச்ச?" என்று கேட்டார் அவர். கடிதம் எங்களைக் காப்பாற்றுவதற்குப் பதில் சந்தேகத்தைக் கூட்டிவிட்டது.

காப்பாற்றியது இவரேதான். உள்ளே வாங்குப் பலகையில் இருந்தவர், கொழும்பில் தங்குவதற்குப் பொலிஸ் பதிவு எடுக்க வாசலில் நின்ற தமிழ்ச் சனத்தைக் கண்டதும் எழுந்து வந்தார். "கைக்குழந்தைக்காரி முன்னுக்கு வா. சைக்கிள் ஒரு பக்கம். தம்பி, நீ துவக்கோட நடுவில நிக்காத, பாதை சரியும்" என்று ஒரு பொலிஸ்காரனின் தோளில் கை வைத்து ஒதுக்கினார். அவன் ஒதுங்கினான். கூட்டம் உண்மையாகவே வரிசையாக நின்றது. அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடிதத்தை என் கையில் தந்தார்.

"அம்மா, கூட்டிக்கொண்டு போங்க. இல்லாட்டி இவர் எங்களுக்கும் வேலை குடுப்பார்."

கடதாசியால் ஆகாததை ஆளின் முகம் செய்யும் என்று அன்று படித்தேன். இவரைத் தெரியாத இடத்தில் இவர் வாழ முடியாது. பேரப்பிள்ளைகள் அழ, புஸ்பம் என்னோடு கோபித்துக்கொள்ள, அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்தோம். ஓட்டமாவடியில் இவர் இறங்கவில்லை. முகைதீன்பாவா பஸ்ஸுக்குள் ஏறி வந்து, ஜன்னலோரம் இருந்த இவருக்கு ஒரு பை வாழைப்பழம் கொடுத்துவிட்டு, "பதினாறு மூட்டையும் இறக்கியாச்சு மச்சான்" என்றார். இவர் தலையாட்டினார்.

ஊருக்கு வந்த மறுநாளே, இவர் தானாக வெளிக்கிடுமுன், நானே கையைப் பிடித்துத் துறைக்குக் கூட்டிப்போனேன். துறையடியில் மண்மூட்டை அடுக்கிய ஆமிச் சென்றி, காவலரண். கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு கோப்ரல் இருந்தான்.

"இந்த முகத்த நல்லாப் பாருங்க. தலை வருத்தம். நில் எண்டால் நிக்கமாட்டார். கேட்டால் பதில் வராது. ஓடவும் மாட்டார், ஒண்டும் செய்யவும் மாட்டார். சுடவேணாம்."

"அம்மே, இவர் புலி இல்லை?"

"அறுபத்தெட்டு வயசில அவங்க ஆள் எடுக்கிறதில்ல மகன்."

அவன் சிரித்து மற்றவர்களைக் கூப்பிட்டான். ஆறு பேரும் வந்து இவரைச் சுற்றி நின்று பார்த்தார்கள். இவர் அவர்களை வரிசையில் நிற்கச் சொன்னார்.

"நாங்க மூணு மாசம்தான் அம்மே. மறுகா வேற ஆள்."

"அப்ப மூணு மாசத்துக்கு ஒருக்கா வாறன்."

பிறகு பாதை ஏறி அந்தக் கரைக்குப் போனோம். அங்கே இயக்கத்தின் காவல். அவர்களிடமும் முகத்தைக் காட்டினேன்.

"ஐயா ஒவ்வொரு நாளும் வந்து போனால் அவங்களுக்குத் தகவல் குடுக்கிறார் எண்டு நினைப்பமே அம்மா" என்றாள் துவக்கோடு நின்ற பெண்.

"தகவலா? இண்டைக்கு என்ன கிழமை எண்டு கேட்டுப் பாருங்க புள்ள."

கேட்டாள். "சனி" என்றார் இவர். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுவே அனுமதி.

இப்படி ஒன்றரை வருசம் ஓடியது. பாதை ஓடுகிற நாட்களில் காலையில் ஏறுவார், வெயில் ஏறும்வரை போய்ப் போய் வருவார். பாதைக்காரர்கள் இவருக்கென்று ஒரு ஓரம் ஒதுக்கியிருந்தார்கள். ஓடாத நாட்களில் நான் அவரோடு வீட்டைச் சுற்றி நடந்தேன். ஆமிக்காரர் மாறும்போதெல்லாம் கையைப் பிடித்துப் போய் அதே பேச்சைப் பேசினேன். எல்லாம் நடந்தது. ஒன்றே ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை. "அங்கால ஆக்கள் நிக்கிறாங்க" என்று அவர் சொல்லும்போதெல்லாம், "அங்கால ஒருத்தரும் இல்ல, சும்மா இருங்க" என்றே சொல்லிவந்தேன். இல்லத்தில் வேறு ஆளுக்கு அப்படிச் சொல்லியிருந்தால் மிஸி என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். புருசன் என்று வந்தால் வாய் பழைய வாய்தான்.

தொண்ணூற்றொன்பது கார்த்திகை. வடக்கில் சண்டை பெருத்திருந்தது. எங்கள் துறையில் இருந்தவர்களை முறை வருமுன்பே இரவோடிரவாக அள்ளிக்கொண்டு போய், புது ஆட்களை இறக்கிவிட்டிருந்தார்கள். எனக்குத் தெரியாது. பாதையையும் நிறுத்தித் தெருவுக்குக் குறுக்கே முள்ளுக்கம்பி போட்டிருந்தார்கள். விடிந்த கையோடு, நான் அடுப்பில் தண்ணீர் வைத்த நேரம், இவர் கிளம்பிவிட்டார்.

"நவத்தின்ன!" என்ற சத்தம் கேட்டது. நில் என்று சிங்களத்தில். கேட்ட குரல் எனக்குத் தெரியாத குரல். அதிலேயே விளங்கிவிட்டது.

ஓடினேன். எனக்கு அப்போது அறுபத்திரண்டு வயது, குதிக்காலில் முள்ளெலும்பு. வளைவில் திரும்பும்போது இவருக்கும் எனக்கும் ஐம்பது அறுபது மீற்றர் இருக்கும். மழைத் தூறலில் இவர் கம்பியை நோக்கி நேராக நடக்கிறார். மண்மூட்டைக்கு மேலே மூன்று துவக்கு. "நவத்தின்ன!" மறுபடியும். துவக்கு இழுபடும் சத்தமும் கேட்டது.

பேர் சொல்லிக் கத்தினேன். புரட்டாதியிலிருந்தே அவருக்குத் தன் பேர் தெரியாது. நில்லுங்க என்றேன். நிற்கவில்லை. "அங்கால ஒருத்தரும் இல்ல!" என்றேன். அதைக் கேட்டதும் இன்னும் எட்டி நடந்தார். கம்பிக்கு இன்னும் பத்து அடிதான்.

அப்போதுதான், நெஞ்சு வெடிக்கிற மாதிரி மூச்சு வாங்கும்போது, வாய் தானாகத் திருந்தியது.

"பாதை வாருது! கரைய விட்டுத் தள்ளி நில்லுங்க!"

முப்பத்தோரு வருசம் அவர் போட்ட சத்தம் அது. பாதை கரையைத் தொடும்போது ஏறுபலகை விழும். கரையில் யாரும் முன்னுக்கு நிற்கக்கூடாது. எத்தனை பேரின் கால்விரலை அவர் அந்தச் சத்தத்தால் காப்பாற்றியிருக்கிறார். நின்றார். மூன்றடி பின்னுக்கு வைத்தார். துவக்குகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு கையையும் அகல விரித்து, வெறுந்தெருவில் நின்ற கூட்டத்தைத் தடுத்தார்.

"தள்ளு, தள்ளு. எல்லாருக்கும் இடம் இருக்கு."

நான் போய் அந்தக் கைகளுக்குள் நின்றேன். மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு ஆமிக்காரன் எழுந்து வந்தான். அவன் முகம் வெளிறி இருந்தது. அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மூச்சில்லை. என் தலையைத் தொட்டுக் காட்டி, இவர் தலையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தேன். விளங்கிக்கொண்டான். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவன் பிளாஸ்ரிக் கதிரை ஒன்று கொண்டுவந்து வைத்தான். இவர் உட்காரவில்லை. நான் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று மாசக் கணக்கை நான் நம்பவில்லை. ஒவ்வொரு நாளும் அவருக்கு முன்னால் எழும்பி, முன்னால் நடந்தேன். அங்கால ஆக்கள் நிற்கிறார்கள் என்றால், "ஓம், கனபேர் நிக்கிறாங்க, தேத்தண்ணிய குடிச்சுப்போட்டுப் போவம்" என்றேன். வீட்டில் பாதிச் சண்டை அதோடு குறைந்தது.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு தைப்பொங்கலுக்குப் பிறகு கால் ஓய்ந்தது. கட்டிலில் நாற்பத்தொரு நாள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டினேன். விரிப்பில் சுருக்கம் விடவில்லை. கையும் காலும் கட்டிலிலும் நடந்துகொண்டுதான் இருந்தன. பிறகு சளி நெஞ்சில் இறங்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் மூச்சு நின்றது. குளிப்பாட்டும்போது முதுகைத் தடவிப் பார்த்தேன். ஒரு புண் இல்லை.

தெரு மூடியிருந்ததால் புஸ்பம் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தாள். முகைதீன்பாவாதான் தன் வாகனத்தில் அவளை ஏற்றிக்கொண்டு வந்தார். நல்லரத்தினத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவன் அழுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"வெடியா அம்மா?"

"இல்ல மனே. சளி."

மரணப் பதிவுக்கு நானே போனேன். பதிவுகாரர் வயதானவர், கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். பேர், வயது, தொழில் எழுதினார். பாதை ஊழியர் என்று சொன்னேன். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும், அந்த வருசங்களில் எழுதி எழுதிப் பழகிய கையால் வெடிக்காயம் என்று தானாகவே எழுதப் போனார்.

"நியூமோனியா" என்றேன்.

பேனை நின்றது. "நோயா?"

"ஓம், நோய். வடிவா விளங்குற மாதிரி எழுதுங்க. மகனுக்கு ஒரு பிரதி அனுப்பவேணும்."